மேடையில் நான் மொழிபெயர்க்காத வாக்கியம்

நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் தமிழுக்கும் ஜெர்மன் மொழிக்கும் நடுவில் நின்று பேசுவதற்கு இவ்வாண்டு சத்தியப்பிரமாணம் செய்துகொண்ட தம்பிமாரே, தங்கைமாரே! உங்களுக்காக நாலு வார்த்தை எழுதித் தரும்படி என்னைக் கேட்டவர்கள், "அக்கா, சந்தோசமான விசயமாப் பாத்து எழுதுங்கோ" என்றும் கேட்டுக்கொண்டார்கள். சந்தோஷமான விஷயங்களும் என்னிடம் உண்டு. பிரசவ அறையில் மொழிபெயர்த்திருக்கிறேன். பிரிந்துபோக வந்த கணவனும் மனைவியும் நீதிபதியின் முன்னால் சிரிக்கத் தொடங்கியதை மொழிபெயர்த்திருக்கிறேன். ஆனால் இன்று அவற்றை எழுத எனக்கு மனமில்லை. நான் கோபமாக இருக்கிறேன். அந்தக் கோபத்தோடுதான் எழுதப்போகிறேன்.

பதிகம் பாடுகிற வாய்க்குக் கோபம் அழகில்லை என்று கோயிலில் ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். நான் மாலைப் பூசையில் பல்லாண்டுகளாகப் பாடிவருகிறவள். அந்தப் பாடல்களைப் பாடிவைத்தவர்கள் சாந்தமே உருவானவர்கள் என்று நினைப்பவர்கள் அவற்றைப் பொருளறிந்து படித்ததில்லை. தங்கள் ஆண்டவனிடமே நேருக்கு நேர் நின்று 'ஏன் செய்தாய், ஏன் செய்யவில்லை' என்று கேட்ட அடியார்கள் அவர்கள். அடிமை என்று தம்மைச் சொல்லிக்கொண்டார்கள். அந்த உரிமையில் அதட்டவும் செய்தார்கள். எனக்குக் கோபப்படச் சொல்லித் தந்ததே பக்திதான்.

நமது உறுதிமொழி உங்களுக்கு மனப்பாடம். சொல்லப்பட்டதை முழுமையாகச் சொல்லவேண்டும், கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. தொழிலில் நான் புதிதாக நின்ற காலத்தில், துருக்கிய மொழிக்கு வரும் மூத்த பெண்மணி ஒருவர் நீதிமன்ற நடைவழியில் என்னை அருகே இருத்தி இதற்கு மேலும் ஒன்று சொன்னார்: "உன்னால் சொல்ல முடியாத ஒரு வாக்கியம் ஒருநாள் வரும். அதை விழுங்கிவிடாதே. வேறொன்றாக மாற்றியும் சொல்லாதே. சொல்லமாட்டேன் என்பதைச் சத்தமாகச் சொல்." நான் தலையாட்டினேன். அந்த வாக்கியம் கொலை வழக்கொன்றில் வரும் என்று எண்ணியிருந்தேன். நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய சித்திரையில், எங்கள் அம்மாள் கோயில் மண்டபத்தில், பொன்னாடையோடும் மாலையோடும் அது வந்தது.

யோகன் என்பவரைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். ஐம்பது வயதை ஒட்டியவர். பீலெஃபெல்ட் நகரத்துக்கு வெளியே உள்ள தோட்டங்களில் வேலை செய்தார். கோடையில் ஸ்ட்ரோபெரி, பனிக்காலத்தில் லீக்ஸ், வசந்தத்தில் ஸ்பார்கல். ஸ்பார்கல் மண்மேட்டுக்குள் வளரும் வெள்ளைத் தண்டு. அது தலைநீட்டி வெளிச்சம் பட்டால் நிறம் மாறிவிடும், விலையும் விழுந்துவிடும். ஆகவே குனிந்தபடியே வரிசை வரிசையாகப் போய், மண்ணுக்குள் கைவிட்டு வெட்டியெடுக்கவேண்டும். சித்திரை, வைகாசியில் அது பரிமாறாத உணவகம் இந்த நாட்டில் இல்லை.

யோகனின் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. அதன்பின் சில காலம் 'டுல்டுங்' என்ற தாளோடு இருந்தார். 'உன்னைத் திருப்பி அனுப்பத்தான் வேண்டும், இப்போதைக்கு அனுப்பவில்லை' என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கும் தாள் அது. ஒரு விடியற்காலையில், விடுதியில் அடுத்த அறையில் இருந்தவரைப் பொலிஸார் வந்து நேரே விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய ஒரு செருப்பு நடைவழியிலேயே கிடந்ததாம். அந்தத் தாளைப் புதுப்பிக்க யோகன் பிறகு போகவில்லை. அன்றுமுதல் இந்த நாட்டின் எந்தக் கணினியிலும் அவர் இல்லை. அவர் வெட்டிய ஸ்பார்கல் மட்டும் எல்லா மேசையிலும் இருந்தது.

பின்னாளில் ஒரு சட்டம் வந்தது. அந்தத் தாளோடு நெடுங்காலம் தொடர்ந்து இருந்தவர்களுக்கு வதிவிட உரிமையை நோக்கி ஒரு வழியைத் திறந்துவிட்டது. பலருக்காக அந்த விண்ணப்பங்களோடு நானே அலைந்திருக்கிறேன். அந்தச் சட்டத்துக்கு நன்றியுடையவள். ஆனால் பயந்து ஒளித்தவர்களுடைய ஆண்டுகள் அதில் செல்லுபடியாகவில்லை. துரத்துவதும் அரசாங்கம்தான், 'நீ ஏன் நிற்கவில்லை' என்று கேட்பதும் அதே அரசாங்கம்தான். இதற்கு நான் கோபப்படாமல் வேறு எதற்குக் கோபப்படுவது?

அந்த வசந்தத்தில் ஒரு புதிய பேச்சுக் கிளம்பியது. பண்ணைகளுக்கு ஆள் போதவில்லையாம். ஆகவே தாளில்லாமல் தோட்டங்களில் உழைப்பவர்கள் தாமாக முன்வந்து, பண்ணைக்காரரும் ஒப்பமிட்டுக் கொடுத்தால், அந்தப் பண்ணையில் வேலை இருக்கும்வரை அவர்களுக்கு வதிவிடம் வழங்கலாம் என்று எங்கள் பகுதி நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் முன்மொழிந்திருந்தார். பண்ணைக்காரர் ஒருநாள் முகத்தைச் சுளித்தால் அந்த மனிதர் மறுநாள் மீண்டும் ஒளிக்கவேண்டும். முதுகுக்குக் கொடுக்கிற அனுமதி அது. முதுகுக்கு உரியவனுக்கு அதில் இடமில்லை. அதுவும் முன்மொழிவுதான். ஆனால் நம்மவர்களிடையே அது 'சட்டம் வருகுதாம்' என்று ஆகி, ஒரு கிழமைக்குள் 'சட்டம் வந்திட்டுதாம்' என்று ஆகிவிட்டது.

எங்கள் கோயில் தலைவர் சண்முகம் ஒரு வெதுப்பகத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். நல்ல மனிதர், அவசரக்காரர். புத்தாண்டு விழாவுக்கு அந்த நாடாளுமன்ற உறுப்பினரை அழைத்தார். எங்கள் கோயிலில் அழைப்பு என்றால் ஒருவரோடு நிற்காது. நகரபிதா, அயலிலுள்ள தேவாலயப் போதகர், தீயணைப்புப் படைத் தலைவர் எல்லோருக்கும் போகும். வெளிநாட்டவர் அலுவலகத்தின் பொறுப்பாளரான அம்மையாருக்கும் போனது. அவர் ஆண்டுதோறும் வருவார். வடையில் அவருக்கு ஒரு பிரியம். அந்த அம்மையார் முன்பொருமுறை அலுவலக வாசலில் வைத்து என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை: "தாளில்லாத ஒருவரைப் பற்றி என் காதில் விழுந்தால் நான் அறிவித்தே ஆகவேண்டும். அது என் கடமை. எனக்கு அது பிடிக்குமா என்று சட்டம் கேட்பதில்லை. ஆகவே தயவுசெய்து எதுவும் என் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

விழா நாள் காலை கோயில் சமையலறைக்குப் போனேன். விழா நாட்களில் எல்லாம் யோகன்தான் அங்கே அடுப்புக்குப் பொறுப்பு. தோட்டத்தில் விடுப்புக் கேட்டு, இரண்டு பேருந்து மாறி வருவார். வடை தட்டிக்கொண்டிருந்தார். வலது தோளை உயர்த்த முடியாமல் இடது கையால் தட்டினார். பக்கத்தில் பெண்கள் அவரைச் சீண்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன யோகன், வடையில ஓட்டையைக் காணேல்லை? இது வடையோ, ஜெர்மன்காரன்ர இறைச்சி உருண்டையோ?"

"கோயிலுக்க நிண்டு இறைச்சி எண்டு கதைக்காதேங்கோ அக்கா. ஓட்டை போடுறதுக்கு மற்றக் கை வேணும். அது லீவில நிக்குது."

"ஏன், தோளுக்கு டொக்டரிட்டக் காட்டேல்லையோ?"

"டொக்டர் காப்புறுதிக் காட்டைக் கேப்பார். என்னட்ட இருக்கிறது வடைதான்."

எல்லோரும் சிரித்தார்கள். என்னைக் கண்டதும் யோகன் கையைத் துடைத்துக்கொண்டு ஓரமாக வந்தார்.

"அக்கா, ஒரு விசயம் கேக்கோணும். சட்டம் வந்திட்டுதாம் எண்டு தலைவர் சொல்லுறார். நான் போய்ப் பதியட்டோ?"

"சட்டம் வரேல்லை, யோகன். ஒருத்தர் சொல்லிப் பாத்திருக்கிறார், அவ்வளவுதான்."

"விரைவில வருமாம்."

"விரைவில எண்டது ஒரு திகதியில்லை. அதை நம்பி அலுவலகத்தில டெர்மின் எண்டு ஒரு நேரம் குடுக்க மாட்டாங்கள். இப்ப போய்ப் பதிஞ்சியள் எண்டா, விமானத்துக்குத்தான் திகதி வரும்."

அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "எனக்குப் பெரிய ஆசை ஒண்டுமில்லை, அக்கா," என்றார். "ஊரில மகள் கம்பசுக்குப் படிக்க எடுபட்டிட்டாள். ஒருக்காப் போய் அவளைப் பாத்திட்டுத் திரும்பி வரோணும். திரும்பி வர ஏலாட்டிப் போய்ப் பிரயோசனமில்லை. அவள் படிக்கிறது நான் குனியிறதாலதானே."

"அப்ப பொறுங்கோ. சட்டம் வந்தால் முதல் ஆளா நானே உங்களுக்குச் சொல்லுவன்."

"ஓம் அக்கா," என்று சொல்லிவிட்டு அடுப்புக்குத் திரும்பினார்.

மாலையில் மண்டபம் நிறைந்திருந்தது. வெளியே குளிர் போகவில்லை. மெல்லிய மழையும் தூறியது. சப்பாத்துகளை எல்லோரும் வாசலில் கழற்றிவைத்திருந்தார்கள். முன்வரிசையில் போதகரும், தீயணைப்புத் தலைவரும், வெள்ளைக் காலுறையோடு அந்த அம்மையாரும் இருந்தார்கள். உறுப்பினர் மேடையில். அவருக்குப் பக்கத்தில் ஒலிவாங்கியோடு நான். சண்முகத்தின் மகன் கைபேசியை ஒரு முக்காலியில் பொருத்தி விழாவை நேரலையாக உலகுக்கே காட்டிக்கொண்டிருந்தான்.

உறுப்பினர் நன்றாகப் பேசினார். நமது ஸ்பார்கலை வெட்டும் கைகள் என்றார், நமது நாட்டுக்குத் தேவையான கைகள் என்றார். அவருடைய பேச்சில் கைகள் வந்த அளவுக்கு மனிதர்கள் வரவில்லை. விரைவில், விரைவில் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்ன ஒவ்வொரு தடவையும் நானும் 'விரைவில்' என்றே சொன்னேன், கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் சபை கைதட்டியது. சமையலறை வாசலில் யோகன் தேநீர்த் தட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

பிறகு சண்முகம் எழுந்து பொன்னாடையை உறுப்பினருக்குப் போர்த்தினார். நமது வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தினால் அவர் பெயர், தகப்பன் பெயர், ஊர், தொழில், செய்த சேவை எல்லாவற்றையும் ஒலிவாங்கியில் சொல்லித்தான் போர்த்தவேண்டும். ஒன்றைக் குறைத்தால் அவமரியாதை. சண்முகத்தின் கையில் இன்னொரு பொன்னாடை இருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

"அடுத்ததா," என்றார், உரத்த குரலில், "எங்கட அம்மாளுக்கு வருசக் கணக்காச் சமைச்சுத் தாறவர், இந்த நாட்டில விசா இல்லாமலே தோட்டம் தோட்டமா உழைக்கிறவர், கந்தையா மகன் யோகராசா அவர்களை மேடைக்கு அழைக்கிறன்!" யோகனின் ஊரையும் சொன்னார். அவர் வேலை செய்யும் பண்ணையின் பெயரையும் சொன்னார்.

சபை கைதட்டியது. இரண்டு பேர் யோகனை, தட்டையும் இறக்கிவைக்க விடாமல், அன்போடு தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஏப்ரனோடு மேடையேறியவரின் தோளில், அந்த உயர்த்த முடியாத தோளில், பொன்னாடை விழுந்தது. உறுப்பினர் சிரித்தபடி என் பக்கம் திரும்பினார். முன்வரிசையில் அம்மையாரும் நான் வாய் திறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில் என் மனம் எப்படி ஓடியது என்பதை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. முழுமையாகச் சொன்னால் நான் உறுதிமொழியைக் காப்பேன். யோகன் விமானத்தில் இருப்பார். சண்முகம் சொன்னதை 'எங்கள் சமையற்காரர்' என்று சுருக்கியிருக்கலாம். அது மிக இலகு. ஆனால் மண்டபத்தில் பாதிப்பேர் இரு மொழியும் தெரிந்த பிள்ளைகள். 'அக்கா நினைத்தால் மாற்றிச் சொல்லுவா' என்று அன்று அவர்கள் கற்றுக்கொண்டிருப்பார்கள். நாளை அகதி விசாரணை அறையில் ஒரு பெண் தனக்கு நடந்ததை என் வாயை நம்பித்தான் சொல்லவேண்டும். நல்ல எண்ணத்தோடு ஒருதரம் பொய் சொன்ன வாய் அவளுக்கு எந்த வகையில் உதவும்? இவையெல்லாம் மூச்சு ஒன்று உள்ளே போய் வெளியே வருவதற்குள் ஓடின. நடைவழியில் கேட்ட அந்த மூத்தவரின் சொல் வந்து நின்றது.

ஒலிவாங்கியில், ஜெர்மன் மொழியில் சொன்னேன்: "இவ்விடத்தில் நான் மொழிபெயர்ப்பை நிறுத்துகிறேன். இப்போது சொல்லப்பட்டது, சம்மதம் கேட்கப்படாத ஒரு மனிதரைப் பற்றியது. அவர் சம்மதித்தால் மட்டுமே சொல்வேன்." அதையே தமிழிலும் சொன்னேன்.

சண்முகத்தின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு அவர் முகத்தில் இரத்தம் வற்றியதைப் பார்த்தேன். தான் சொன்னது என்ன, யாருக்கு முன்னால் சொன்னார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

முன்வரிசையில் அந்த அம்மையார் எழுந்தார். யாரையும் பார்க்கவில்லை. "எனக்குக் கொஞ்சம் காற்று வேண்டும்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, மண்டபத்தின் முழு நீளத்தையும் நடந்து வெளியே போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சப்பாத்துப் போட அவர் நிற்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, தூறலில், நனைந்த காலுறையோடு முதுகைக் காட்டியபடி நின்றார்.

எத்தனை பேருக்கு அது விளங்கியதோ தெரியாது. எனக்கு விளங்கியது. அப்போது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. ஒரு நாடு தன் நேர்மையான அதிகாரி ஒருவர் நல்லவராக இருக்கவேண்டுமானால் மழையில் போய் நிற்கவேண்டும் என்று சட்டம் எழுதிவைத்திருக்கிறது. சீர்திருத்தம் என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்கள் முதலில் திருத்தவேண்டியது அந்தக் கதவடியைத்தான்.

உறுப்பினர் என்னிடம் குனிந்தார். அவருக்கும் விளங்கியிருந்தது. "இப்போது அவர் போய்விட்டார்," என்று கிசுகிசுத்தார். "இனிப் பயமில்லையே? இந்த மனிதர் பேசட்டும். இப்படி ஒரு உண்மையான முகம் எங்களுக்குத் தேவை. முன்மொழிவுக்கு மிகவும் உதவும்."

அதை நான் யோகனுக்கு மொழிபெயர்த்தேன். சொல்லுக்குச் சொல், முகம் என்ற சொல்லையும் விடாமல் மொழிபெயர்த்தேன். பிறகு, ஒலிவாங்கியைத் தாழ்த்திக்கொண்டு, "யோகன், முடிவு உங்கட. என்ன சொல்லச் சொல்லுறியள்?" என்று கேட்டேன்.

யோகன் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குச் சொல்ல ஒண்டுமில்லை அக்கா. அந்த அம்மா வெளியில நனையிறா. நான் உள்ள நிக்கிற மட்டும் அவ வரமாட்டா போல. நான் குசினிக்குப் போறன், அவவைக் கூப்பிடச் சொல்லுங்கோ."

"இதை இவருக்குச் சொல்லட்டோ?"

"சொல்லுங்கோ. இதில என்ன இருக்கு?"

பொன்னாடையை எடுத்தார். இடது கையால் எடுக்கச் சிரமப்பட்டார். அதை நாலாக மடித்துச் சண்முகத்தின் கையில் கொடுத்துவிட்டுத் தேநீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். அவர் சொன்னதை நான் உறுப்பினருக்குச் சொன்னேன். அவர் தன் பொன்னாடையின் சரிகையைத் தடவிக்கொண்டிருந்தார். பேச்சு வராத அரசியல்வாதியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

சமையலறைப் பெண்களில் ஒருத்தி ஓடிப்போய் அம்மையாரைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். சற்று நேரத்தில் சமையலறை யன்னல் வழியாக ஒரு கை தேநீரையும் வடையையும் நீட்டியது. அம்மையார் வாங்கிக்கொண்டார். யன்னலுக்கு அப்பால் பார்க்கவில்லை. உள்ளே நின்றவரும் குனிந்து பார்க்கவில்லை. வடையில் ஓட்டை இருக்கவில்லை.

விழா முடிந்ததும் சண்முகம் என்னிடம் வந்தார்.

"அக்கா, நான் அவனுக்கு மரியாதைதானே செய்தனான்!"

"மரியாதை செய்யிற ஆளிட்ட ஒரு சொல்லுக் கேட்டனீரோ?"

"கேட்டா வரமாட்டான் எண்டு எனக்குத் தெரியும்."

"அது தெரிஞ்சு கொண்டோ?"

அவர் கண்கலங்கினார். "நானும் ஒருநாள் தாளில்லாமல் நிண்டவன்தான், அக்கா. இந்த எம்.பி. வந்து வாயால சொன்னாப்பிறகு, பொன்னாடையும் போட்டாப்பிறகு, செய்யாமல் விடுவாரோ எண்டு நினைச்சிட்டன்."

அதுதான் நம்மவர்களின் பிழை. வேறு எந்த இனத்தாருக்கும் இது வராது என்று நினைக்கிறேன். மூலஸ்தானத்தின் முன்னால் நின்று, சபையறிய, பெயரும் நட்சத்திரமும் சொல்லி வேண்டிக்கொண்டு பழகியவர்கள் நாங்கள். ஆண்டவனிடம் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. பட்டுச் சாத்தினால் அவன் முகம் நம் பக்கம் திரும்பும். அதே முறையை ஒரு வாக்குக் கேட்கும் மனிதனுக்குச் செய்தோம். பட்டை வாங்கிக்கொண்டு அவர் அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டார்.

சண்முகத்துக்காக மனம் இளகியது. ஆனால் இளகி நிற்க நேரமிருக்கவில்லை. முக்காலியில் கைபேசி இன்னும் நின்றது.

"அந்த நேரலையை அழிச்சுப்போடும்."

"அழிக்கத்தானே வேணும், அக்கா. பெடியன் கோயில் ஆண்டறிக்கைக்கு எடுத்து வைச்சிட்டு நாளைக்கு..."

"நாளைக்கு இல்லை. அது இருக்கிற வரைக்கும் நான் இந்தக் கோயிலில வாய் திறக்கமாட்டன்."

அன்று மாலைப் பூசைக்கு மணி அடித்தது. தீபாராதனை முடிந்து பாடவேண்டிய இடம் வந்தது. குருக்கள் என்னைப் பார்த்தார். நான் கைகூப்பிக்கொண்டு வாயை மூடி நின்றேன். இத்தனை ஆண்டில் அப்படி ஒரு அமைதி எங்கள் கோயிலில் விழுந்ததில்லை. குருக்கள் காத்திருந்தார், கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பின்னால் யாரோ, "சண்முகம், அந்தக் கோதாரியை அழிச்சுத் துலையுமன்!" என்றார்கள். சண்முகம் மகனின் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்கி, அழித்து, எனக்குத் தூக்கிக் காட்டினார். பிறகு பாடினேன். காத்திருக்க வைத்ததற்கு அம்மாள் மன்னிப்பாள், அவளிடமும் எனக்குக் கேட்க ஒன்று இருந்தது.

ஆனால் உலகம் பார்த்துவிட்டதை அழிக்க முடியாது. மற்றொரு பண்ணையில் வேலை செய்யும் நம்மவர் ஒருவர் அழிக்கும் முன்பே பெருமையோடு அதைத் தன் முதலாளிக்குக் காட்டியிருக்கிறார். அந்த முதலாளி யோகனின் பண்ணைக்காரருக்குச் சொல்லியிருக்கிறார். ஸ்பார்கல் மும்முரமாக வெட்டும் வேளையில் பண்ணைக்காரர் யோகனைக் கூப்பிட்டு, "உன் பெயர் வெளியே வந்துவிட்டது. இனி இங்கே வராதே," என்று அனுப்பிவிட்டார். முன்மொழிவை ஆதரித்துப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்த பண்ணைக்காரர்களில் அவரும் ஒருவர். எங்கள் ஆட்கள் இல்லாமல் எங்களால் முடியாது என்று அவர் சொன்னதை நானே வாசித்தேன். எங்கள் ஆட்களாம்!

யோகன் இந்தப் பகுதியைவிட்டுப் போய்விட்டார். எங்கே என்று எனக்குத் தெரியாது. கேட்கவுமில்லை, தெரியாததை யாரும் என் வாயிலிருந்து எடுக்க முடியாது. போவதற்கு முன் சமையலறைச் சாவியைச் சண்முகத்தின் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். சண்முகம் அந்தச் சாவியைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து அதைக் காட்டினார். அதற்குப் பிறகு எங்கள் கோயிலில் யாருக்கும் பொன்னாடை போர்த்துவதில்லை.

இனி உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது. சொல்லமாட்டேன் என்று சத்தமாகச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அதைத் தேவைக்கு வைத்திருங்கள், வசதிக்குச் செலவழிக்காதீர்கள். யாருக்காகப் பேசுகிறீர்களோ அவர்களுக்காக நீங்கள் முடிவெடுக்காதீர்கள். திரும்பி அவர்களைக் கேளுங்கள். அந்த மேடையில் எனக்குக் கிடைத்த நேரத்தில் நான் செய்தது அவ்வளவுதான். அது ஒரு மனிதரை அன்று மாலை காப்பாற்றியது. அடுத்த கிழமை காப்பாற்றவில்லை. நமது தொழிலின் எல்லை அது. அந்த எல்லையில் நின்று கோபப்படுவது தொழிலுக்கு இழுக்கென்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முன்மொழிவு இன்னும் முன்மொழிவாகவே இருக்கிறது. தேர்தல் வரும்போது எழுந்து உட்கார்கிறது, பிறகு படுத்துவிடுகிறது. இந்தச் சித்திரையிலும் அந்த உறுப்பினர் வேறொரு மண்டபத்தில் பேசினார். விரைவில் என்றார்.

எனக்கு அவ்வப்போது தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வரும். ஒவ்வொருமுறையும் வேறு இலக்கம். பின்னால் காற்றும் உழவு இயந்திரமும் கேட்கும்.

"அக்கா, யோகன். வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை, தம்பி."

"சரி அக்கா. அப்ப வைக்கிறன்."

நலம் விசாரிக்க இடம் கொடுப்பதில்லை. மகள் இரண்டாம் வருடம் என்று ஒருமுறை மட்டும், வைப்பதற்கு முன்னால், அவராகவே சொன்னார்.

எனக்கு வயதாகிறது. என் தொலைபேசி எடுபடாத ஒரு நாள் வந்தால் யோகன் சண்முகத்தைக் கேட்பார். சண்முகம் உங்களில் ஒருவருடைய இலக்கத்தைத்தான் அவருக்குக் கொடுப்பார். அப்போது அவர் உங்களிடமும் இதையே கேட்பார். சட்டம் வந்திருந்தால் வந்தது என்று சொல்லுங்கள். வராவிட்டால் இல்லை என்று சொல்லுங்கள். அவர் மனம் நோகுமே என்று இரக்கப்பட்டு, விரைவில் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.